இரண்டு மணி நேரப் பூட்டு

அலாரம் வீட்டையே கிழிப்பதுபோல் அலறியது. டிவியில் பாய்ந்துகொண்டிருந்த இரண்டு கார்களும் வளைவிலேயே உறைந்து நின்றன. திரை கறுத்தது. நடுவில் ஒரு பூட்டுப் படமும், ரகசிய எண் கேட்டு நான்கு கட்டங்களும் முளைத்தன.

"டைம் முடிஞ்சிருச்சுப்பா" என்றான் கதிர். கன்ட்ரோலரைப் பாயில் வைத்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

பாலகுமார் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நம்பர்டா?"

"தெரியாதுப்பா. அம்மா போன்ல இருக்குது."

வேறு எங்கே இருக்கும் என்று மனதுக்குள் பொருமினார் பாலகுமார். விவாகரத்து ஆகி இரண்டு வருடமாகிறது. ஸ்ரீமதியும் பையனும் சிதம்பரத்தில். அவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு மாடி வீட்டில் தனியாக. மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை கதிர் அவருடைய பிள்ளை. மற்ற நாட்களில் அந்த வீட்டில் டிவி மட்டும்தான் பேசும்.

கோடை விடுமுறை முழுவதும் பையனைத் தன்னோடு அனுப்ப வேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போட்டிருந்தார். அடுத்த மாதம் விசாரணை. நீதிபதி பையனையே கூப்பிட்டு, "அப்பா வீட்டுல இருக்க உனக்கு இஷ்டமா?" என்று கேட்பார் என வக்கீல் லோகநாயகி சொல்லியிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் ஒரு வார்த்தையில் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வார்த்தையைச் சம்பாதிக்க பாலகுமாரிடம் இருந்தது இந்த கேம் பெட்டி ஒன்றுதான். பையனின் பிறந்தநாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்தது. கையில் வைத்தும் ஆடலாம், டிவியில் மாட்டியும் ஆடலாம். ஒவ்வொரு முறையும் அது கதிரின் பையில் ஏறி சிதம்பரத்திலிருந்து வரும். அப்பாவும் பிள்ளையும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து மாலைவரை கார் ஓட்டுவார்கள். என்ன பேசுவது என்று திணற வேண்டியதில்லை. பாலகுமாருக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

போன முறையிலிருந்துதான் இந்தப் பூட்டு. இரண்டு மணி நேரம் ஆடினால் அலாரம், அப்புறம் கறுப்புத் திரை.

கல்யாண தேதியைப் போட்டுப் பார்த்தார். தவறு. கதிரின் பிறந்த தேதி. அதுவும் தவறு.

"பீச்சுக்குப் போலாமாப்பா? தேவனாம்பட்டினத்துல பெரிய பெரிய பட்டமா விடுறாங்களாம்."

"இருடா. இத மட்டும் தொறந்துட்டா போதும்."

"எங்க கிளாஸ்ல ஒருத்தன் இல்ல, அவன் பாம்பப் புடிச்சு டிபன் பாக்ஸ்ல…"

"ம்… ம்…" என்றபடி பாலகுமார் ஸ்ரீமதியின் பழைய வண்டி நம்பரை அழுத்தினார். பாம்பு என்ன ஆனதென்று கதிர் சொல்லவில்லை. ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான்.

ஐந்து மணிக்கு ஸ்ரீமதியின் தம்பி அருண்பாண்டியன் வந்தான். உறவு அறுந்தும் அவனுக்கு வாய்ப்பழக்கம் அறுபடவில்லை.

"கிளம்பலாமா மாமா?"

"பெட்டி இங்கியே இருக்கட்டும். ரிப்பேர் பண்ணித் தர்றேன்."

"அக்கா கேக்கும் மாமா."

"கேக்கட்டும். எங்காசுல வாங்குனது. பில்லு எம்பேர்ல இருக்குது."

"பில்லெல்லாம் கரெக்டாத்தான் வெச்சிருப்பீங்க" என்று சிரித்துக்கொண்டே அருண்பாண்டியன் பையனை பைக்கில் ஏற்றிக்கொண்டான். கதிர் திரும்பிப் பார்த்தான். பாலகுமார் பெட்டியைத் தூக்கிக் காட்டி, 'கவலைப்படாதே' என்று சைகை செய்தார்.

பாலகுமாருக்கு ஒரு பைக் ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் வேலை. "வெளியில கொடுத்துக் கழட்டினீங்கன்னா வாரண்டி போயிடும் சார்" என்று தினமும் வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பிப்பார். அப்படிப்பட்ட மனிதர், அந்த வாரம் லீவு போட்டுவிட்டு, கழட்டுகிற கடை சிதம்பரத்தில்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினார்.

போகிற வழியில் வக்கீலுக்கு போன் போட்டு, நண்பருக்காகக் கேட்பதுபோல் கேட்டார்.

"சொந்தப் பொருளத் தொறக்குறதே குத்தம்னு சொல்ல முடியாது சார்" என்றாள் லோகநாயகி. "பூட்ட ஒடைச்சு காப்பி கேம் போட்டா அது குத்தம். ஆனா கம்பெனி அவங்க ஆன்லைன்ல சேத்துக்க மாட்டேன்னு சொன்னா நாம ஒண்ணும் பண்ண முடியாது. ஆமா, யாரு சார் அந்த நண்பர்?"

"உங்களுக்குத் தெரியாதவர் மேடம்" என்று போனை வைத்தார்.

கீழவீதியை ஒட்டிய சந்தில் இருந்தது கடை. செந்தமிழ்செல்வன் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரு செல்போனின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தான். கேம் பெட்டியை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"உள்ள ஒரு சிப்பு வெச்சா லாக் போயிடும் சார். அப்புறம் நெட்ல மட்டும் கனெக்ட் பண்ணிடாதீங்க. கம்பெனிக்காரன் கண்டுபுடிச்சான்னா இந்த மெஷின மொத்தமா தூக்கிடுவான். திரும்ப சேக்கவே மாட்டான்."

"அவன் யாரு தூக்குறதுக்கு? மெஷின் என்னுது."

"மெஷின் உங்களுதுதான். சுத்தியலால ஒடைங்க, யாரும் கேக்க மாட்டாங்க. அவன் ஆன்லைன் அவனுது. உங்க வண்டி, அவன் ரோடு. அவ்ளோதான்."

"அப்படியே ஒரு நூறு கேம் ஏத்திக் குடுத்துடேன்."

"அது திருட்டு சார். நான் பண்றதில்ல."

"பூட்டத் தொறக்குறது மட்டும் என்னவாம்?"

செந்தமிழ்செல்வன் பூதக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டான். "அதான் நானும் கேக்கணும்னு நெனச்சேன். இது பசங்களுக்குப் போடுற லாக்காச்சே. யாரு போட்டது?"

"பையனோட அம்மா."

"ஒரு போன் போட்டு நம்பரக் கேட்டா ஓசியிலயே முடிஞ்சிருமே."

பாலகுமார் பர்ஸைத் திறந்து முன்பணத்தை எடுத்து நீட்டினார். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. "சாயங்காலம் வாங்க" என்றான்.

பொழுது போகாமல் ரத வீதிகளைச் சுற்றினார். பள்ளிக்கூடம் விடும் நேரம். எதிர்ப்புறத்து ஜூஸ் கடை வாசலில் கதிர் நின்றிருந்தான், பக்கத்தில் ஸ்ரீமதி. பாலகுமார் ஓரமாக நின்றிருந்த ஒரு வேனின் பின்னால் ஒதுங்கினார். பார்ப்பதற்குரிய ஞாயிறு அல்ல அது. முன்னால் போய் நின்றால் நாளைக்கு அதுவே கோர்ட்டில் ஒரு புகாராகும்.

கதிர் பேசிக்கொண்டே இருந்தான். கையை விரித்து, வளைத்து, எதையோ பிடித்து டப்பாவுக்குள் போட்டு மூடுவதுபோல் நடித்துக் காட்டினான். ஸ்ரீமதி சிரிப்பை அடக்க முடியாமல் தம்ளரைக் கீழே வைத்தாள். இத்தனை பேச்சு இவனிடம் எங்கே இருந்தது? தன்னிடம் வந்தால் நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லையே.

இரண்டு மணி நேரத்தில் பிள்ளை எப்படி ஒட்டுவான், அதைத்தான் பூட்டி வைத்திருக்கிறாளே என்று பாலகுமார் முடிவு கட்டினார். இருவரும் ஸ்கூட்டரில் போன பிறகும் வேனுக்குப் பின்னாலேயே வெகுநேரம் நின்றார்.

அடுத்த முறை கதிர் வந்தபோது பெட்டி டிவியில் மாட்டித் தயாராக இருந்தது.

"லாக்கெல்லாம் எடுத்தாச்சு. இன்னிக்கு முழுக்க நம்ம ராஜ்ஜியந்தான்."

கதிரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அப்படியா" என்று செருப்பைக் கழற்றினான்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. அலாரம் அடிக்கவில்லை. கதிர் சட்டென்று நிமிர்ந்து திரையைப் பார்த்தான், கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிரியாணி வந்தது. டிவியைப் பார்த்தபடியே தின்றார்கள். மறுபடி ஆடினார்கள். கதிர் ஒவ்வொரு வளைவிலும் காரைச் சுவரில் மோதினான்.

"என்னடா, தூங்கி வழியுற? என்கூட மட்டும் ஆடி போரடிக்குதா? உன் பிரெண்டு ஒருத்தன் இருப்பானே, புவனகிரிப் பையன். அவனக் கூப்புடலாம்."

செந்தமிழ்செல்வன் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் பையனின் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தாக வேண்டும் என்ற தவிப்பு அதைவிடப் பெரியதாக இருந்தது. ஒரு தடவைதானே, யாருக்குத் தெரியப் போகிறது? பெட்டியைத் தன் வைஃபையில் சேர்த்தார். நண்பனின் பெயர் திரையில் மின்னியது. ஒரு ஆட்டம் முடிந்தது. இரண்டாவது பாதியில் நின்றது.

ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. கதிர் எழுத்துக் கூட்டாமல் வாசித்தான். இந்தப் பெட்டி மாற்றப்பட்டிருப்பதால் இனி எப்போதும் ஆன்லைன் சேவையைப் பயன்படுத்த முடியாது.

பாலகுமார் பெட்டியை அணைத்துப் போட்டார். மறுபடி அதே வாசகம். வைஃபையைப் பிடுங்கி மாட்டினார். அதே வாசகம்.

"வேற புதுசு வாங்கித் தர்றேண்டா. அழாத."

"நான் அழலியே."

அழவில்லைதான். கதிர் அறிவிப்பைக்கூடப் பார்க்கவில்லை. கன்ட்ரோலரின் ஒயரை ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தான். அந்த அமைதி பாலகுமாரை என்னவோ செய்தது. யார் மேலாவது பழியைப் போட்டாக வேண்டும்போல் இருந்தது.

"எல்லாம் உங்கம்மாவால வந்தது. அவ மட்டும் அந்த லாக்கப் போடாம இருந்திருந்தா, நான் ஏண்டா இதத் தூக்கிக்கிட்டு கடை கடையா அலையப் போறேன்? நான் உன்கூட இருக்குறதே அவளுக்குப் பொறுக்கல."

கதிர் ஒயரைச் சுற்றி முடித்தான். முதல் தடவையாக அப்பாவுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தான்.

"அம்மாவத் திட்டாதப்பா. நான்தான் அவங்ககிட்ட லாக் போடச் சொன்னேன்… கேம் நின்னுபோச்சுன்னா நீ என்கூடப் பேசுவேன்னு."