குந்தவை பேரில் ஒரு மின் இணைப்பு

"நெல்லுக்கு எவன் வரி போடுவான்?" என்று கேட்டான் துரைராசு.

குடவாசலில் காரைக் கிளப்பும்போதே கேட்ட கேள்விதான். குத்தாலத்தில் டீக்கு நிறுத்தியபோது கேட்டான். இப்போது மயிலாடுதுறைக்குள் நுழையும்போதும் அதையே கேட்கிறான். பின் சீட்டில் இருந்த அவன் மனைவி மேகலாவுக்கு அலுத்துப் போயிற்று.

"ஆடிட்டரப் போய்க் கேளுங்க. எங்களுக்கு நெல்லு போடத்தான் தெரியும்."

முன் சீட்டில் இருந்த குந்தவை சிரித்தாள். துரைராசுவின் ஒரே தங்கை அவள். கணவன் சூர்யபிரகாஷும் மகள் எழில்மொழியும் நியூ ஜெர்சியில் இருக்கிறார்கள். அவளும் அங்கே இருக்க வேண்டியவள்தான். ஆடியில் அப்பாவின் தலைத் திவசத்துக்கு வந்தாள். வந்த கையோடு பாஸ்போர்ட்டில் விசா முத்திரையும் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். நேர்காணல் தேதி ஒருமுறை தள்ளிப்போனது. பிறகு தள்ளிப்போவதே வழக்கமானது. "அங்கிருந்தே வேலையைப் பாருங்கள்" என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மாடி அறையில் லேப்டாப்பை விரித்தவள், குறுவை அறுப்பைப் பார்த்தாள், தாளடி நடவைப் பார்த்தாள், இப்போது அதுவும் அறுப்புக்கு வந்துவிட்டது. மாசி பிறந்தாயிற்று.

இதற்கு நடுவில்தான் வருமான வரி வந்து நின்றது.

"மச்சான் மனசு நோவாம பேசு," என்று நேற்று போனில் சூர்யபிரகாஷ் சொல்லியிருந்தான். "ஆனா ஒண்ணு. கிரீன் கார்டுக்கு பதினோரு வருஷமா வரிசையில நிக்கறோம். நம்ம வீடு எங்க இருக்குன்னு யாராவது கேட்டா நம்மகிட்ட ரெண்டு பதில் இருக்கக் கூடாது."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும். உங்க அண்ணனுக்கு?"

அதுதான் விஷயம். எழில்மொழிக்கு இருபத்தொரு வயது ஆவதற்குள் கார்டு வரவில்லையென்றால் அவள் பெற்றோரின் வரிசையிலிருந்து கழன்றுவிடுவாள். பிறகு அந்தப் பெண் தனியாகத்தான் வழி தேடிக்கொள்ள வேண்டும். அதனால் குந்தவைக்குப் பதிலில் சந்தேகமே இல்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அதை எப்படிச் சொல்வது என்பதுதான் சந்தேகம்.

ஆடிட்டர் அப்துல் ரஹ்மானின் அலுவலகம் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது. வளைகுடாவுக்குப் போனவர்கள், சிங்கப்பூருக்குப் போனவர்கள் என்று சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் கணக்கு. மூவரையும் உட்காரச் சொல்லி, குந்தவை ஏற்கெனவே அனுப்பியிருந்ததை எல்லாம் கணினியில் ஒருமுறை பார்த்தார்.

"உங்க கதை கொஞ்சம் விசேஷமானதும்மா. அவங்க கணக்கு வருஷம் ஜனவரியில தொடங்குது, அதுல பாதிக்கு மேல அங்க இருந்திருக்கீங்க. அதனால அமெரிக்கா உங்கள எங்க ஆளுங்கும். நம்ம வருஷம் ஏப்ரல்ல தொடங்குது, அதுல இங்கயும் ஆறு மாசம் தாண்டிட்டீங்க. அதனால நம்ம சட்டமும் எங்க ஆளுங்கும்."

"ரெண்டு மாப்பிள்ள வீட்டுக்காரங்களும் ஒரே நாள்ல வந்த மாதிரி," என்றாள் மேகலா.

அப்துல் ரஹ்மான் சிரித்துவிட்டார். "அதேதான். அப்படி வந்தா யாருக்குன்னு தீர்க்கறதுக்கு ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒப்பந்தம் இருக்கு. அதுல வரிசையா கேள்வி வச்சிருக்கான். மொதக் கேள்வி, நிரந்தரமா வீடு எங்க இருக்கு."

குந்தவை வாயைத் திறப்பதற்குள் துரைராசு முந்திக்கொண்டான்.

"இங்கதான் சார். சந்தேகமே வேணாம். மாடி பூரா எந் தங்கச்சிக்குன்னே கட்டிருக்கேன். ஏசி, கட்டில், பீரோ, எல்லாம் இருக்கு. தனி வாசப்படி. கரண்ட் கனெக்ஷனே அது பேர்லதான்."

"கனெக்ஷனா?"

"ஆமா சார். ஒரு கனெக்ஷனுக்கு நூறு யூனிட்டு ஃப்ரீ இல்லையா? மாடிக்குத் தனியா வாங்கிட்டேன், குந்தவை பேர்ல. வீட்டு வரியும் அது பேர்லதான் கட்டறேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். தங்கைக்கு ஒரு அண்ணன் இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும்?

அப்துல் ரஹ்மான் குந்தவையைப் பார்த்தார். குந்தவை மேசையைப் பார்த்தாள்.

"கனெக்ஷன் உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"இப்பத்தான் தெரியுது சார்."

"சரி. அப்ப நெல்லு?"

"அதுவும் அது பேர்லதான் சார்," என்றான் துரைராசு. "அப்பா எழுதி வச்ச பங்கு. பத்து மா, மூணு ஏக்கருக்கு மேல வரும். நானும் இவளும்தான் பயிர் வைக்கறோம். ஆனா நிலத்துச் சிட்டா அது பேர்ல இருக்கே. குறுவை நெல்ல கொள்முதல் நிலையத்துல அது பேர்லயே போட்டேன், பணம் அது அக்கவுண்ட்டுக்கே போச்சு. அதனால என்ன, நெல்லுக்குத்தான் வரியே கிடையாதே."

"இங்க கிடையாது. அங்க அப்படி ஒரு விலக்கு இல்லீங்க. அமெரிக்காவுல குடியிருக்கறவங்கன்னு ஆயிட்டா, குடவாசல்ல வெளைஞ்சாலும் கும்பகோணத்துல வெளைஞ்சாலும் அங்க சொல்லியாகணும்."

துரைராசுவுக்கு இது நியாயமாகவே படவில்லை. "நாத்து விட்டது நாங்க. மழையில முங்குனப்ப தண்ணி வடிச்சது நாங்க. அவனுக்கு இதுல என்ன பங்கு?"

"அதான் ரெண்டு வழி இருக்கு," என்றார் அப்துல் ரஹ்மான். "ஒண்ணு, அண்ணன் சொல்ற வழி. நிரந்தர வீடு இந்தியாவுலதான், ஒப்பந்தப்படி நான் இந்தியாவச் சேர்ந்த ஆளுன்னு அமெரிக்காவுக்கு எழுதிக் குடுக்கறது. நெல்லப் பத்தி அங்க பேச்சே வராது. இந்த வருஷத்துக்கு லாபம். வழி இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு கையால எனக்கு இங்க நிரந்தரமா எடம் குடுன்னு கேட்டுட்டு, இன்னொரு கையால என் நிரந்தர வீடு வேற நாட்டுலன்னு எழுதறீங்க. நாளைக்கு கிரீன் கார்டுக்காரன் பழைய கணக்கப் பார்த்தா கேள்வி கேப்பான். கேக்காமயும் விடலாம். அந்த உத்தரவாதத்த நான் தர முடியாதும்மா."

"ரெண்டாவது வழி?"

"உங்க வீடு அங்கன்னு சொல்றது. சொன்னா முழுசா சொல்லணும். நெல்லு, வட்டி, பேங்க் கணக்கு எல்லாம். இங்க உட்கார்ந்து செஞ்ச வேலைக்கு இங்க வரி கட்டி, கட்டுனத அங்க காட்டிக் கழிச்சுக்கணும். வேலை ஜாஸ்தி. ஆனா ஒரே பேச்சு."

"ரெண்டு பக்கமும் வீடு இருக்குன்னு வச்சா?" என்று துரைராசு விடாமல் கேட்டான்.

"அப்ப அடுத்த கேள்வி. வாழ்க்கை எந்தப் பக்கம் பின்னியிருக்கு. புருஷன், புள்ள, வேலை, சாமான் சட்டு."

"நாங்க? நாங்க இல்லையா அதுல?"

கீழே துணிக்கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

மேகலாதான் பேசினாள். "ஏங்க, தரங்கம்பாடியில எங்க வீட்டுல எனக்குன்னு ஒரு கட்டில் கெடக்கு. தம்பி எடுக்க விட மாட்டேங்கறான். போனா அதுலதான் படுத்துக்கறேன். அதுக்காவ நான் தரங்கம்பாடிக்காரின்னு எழுதிக் குடுத்தா, நீங்க சும்மா இருப்பீங்களா?"

"அது வேற."

"எது வேற? கட்டில்ல ஏசி இல்ல, அதச் சொல்றீங்களா?"

குந்தவைக்கு அண்ணியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் இதை அண்ணியின் வாயால் சொல்ல வைத்துவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்வது சரியில்லை. அவள் நாற்காலியை அண்ணன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணே, என் வீடு அங்க இருக்கு. இது என் பொறந்த வீடு. மாடி நீ எனக்குக் குடுத்த சீரு. சீரு குடுத்ததுனால பொண்ணு திரும்பி வந்துட்டான்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

பிறகு ஆடிட்டரிடம் திரும்பினாள். "ரெண்டாவது வழியே போகலாம் சார். குறுவைப் பணம் என் கணக்குக்கு வந்தது வந்ததுதான், அத அப்படியே சொல்லிடறேன். ஆனா இனிமே வேணாம். பாடுபடறவங்க பேர்லயே நெல்லு போகட்டும். அண்ணிக்குக் குத்தகைக்கு எழுதிக் குடுத்துடறேன். எனக்குக் குத்தகை மட்டும் வரட்டும். அத நான் அங்க சொல்லிக்கறேன்."

"எனக்கா?" என்றாள் மேகலா. "உங்கண்ணன் பேர்ல எழுதேன்."

"அவர் நெல்ல திரும்பவும் என் பேர்ல போட்டுருவார்."

அப்துல் ரஹ்மானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துரைராசு மட்டும் சிரிக்கவில்லை. "வண்டிய வெயில்ல விட்டுட்டேன், பார்த்துட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டான். கார் நல்ல நிழலில்தான் நின்றது.

திரும்பும் வழியில் அவன் அந்த நெல் கேள்வியைக் கேட்கவில்லை. குத்தாலத்தில் டீக்கும் நிறுத்தவில்லை. ஊருக்குப் பக்கத்தில் வந்ததும் மெதுவாக, "மாடிய நான் எதுக்குக் கட்டினேன்?" என்றான்.

"நாங்க வந்தா தங்கறதுக்கு."

"வந்தா," என்றான் அவன்.

அதன் பிறகு நாலைந்து நாள் அவன் மாடிப் பக்கமே வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால், "காபி குடிச்சியா?" என்று கேட்பான், போய்விடுவான். குந்தவைக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுக்க அவள் தயாராக இல்லை. குத்தகைப் பத்திரம் எழுதினாள். மேகலா அதை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போய், சாகுபடி செய்வது தான்தான் என்று சான்று வாங்கி வந்தாள். வந்த கையோடு புருஷனிடம் அடுத்ததைப் போட்டாள்.

"அந்த மாடி கரண்ட்டையும் என் பேருக்கு மாத்திடுங்க."

"எல்லாம் உன் பேருக்கா? விட்டா என்னையும் உன் பேர்ல எழுதிக்குவ போலிருக்கே."

"அது எழுதி இருபது வருஷம் ஆவுது. நீங்கதான் இன்னும் படிச்சுப் பார்க்கல."

மாடிப்படியில் நின்றிருந்த குந்தவை வாய்விட்டுச் சிரித்தாள். துரைராசு அண்ணாந்து பார்த்தான். சிரிக்கலாமா என்று அவன் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. ஆனால் சிரிக்காமலே கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

மறுவாரம் அறுப்பு இயந்திரம் வயலில் இறங்கியது. நெல்லை டிராக்டரில் ஏற்றிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். "நீயும் வரியா?" என்று துரைராசுவே வாசலில் நின்று கேட்டான். ஆடிட்டர் அலுவலகத்துப் பேச்சுக்குப் பிறகு அவனாக அவளிடம் கேட்ட பெரிய கேள்வி அதுதான். குந்தவை செருப்பைத் தேடக்கூட நிற்கவில்லை, அண்ணியின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அங்கே களம் முழுக்க நெல் குவியல். ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் அதன் சொந்தக்காரர்கள் படுதாவும் கையுமாக நின்றிருந்தார்கள். இவர்கள் முறை வந்தது. ஊழியர் வீரையன் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி ஈரம் பார்த்தார். "காய்ச்சல் சரியா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பேரைப் பதிய உட்கார்ந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர், இந்த ஊரில் அவருக்கு யாரையும் தெரியாது.

"யார் பேருங்க?"

"மேகலா. எங்க வீட்டுலதான். குத்தகை சாகுபடி," என்றான் துரைராசு.

"நிலம் யாருது?"

"குந்தவை. எந் தங்கச்சி."

"உள்ளூருங்களா?"

குந்தவை குவியலிலிருந்து ஒரு கை நெல்லை அள்ளிக்கொண்டாள். சுற்றிலும் நின்றவர்கள் எல்லாம் அவளைச் சின்னப் பிள்ளையிலிருந்து அறிந்தவர்கள். அவர்கள் எதிரில்தான் இந்த மாடியைக் கட்டி, என் தங்கச்சி இங்கேயே வந்துவிடப் போகிறாள் என்று அண்ணன் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"இல்லீங்க," என்றான் துரைராசு. குரல் எங்கும் இடறவில்லை. "அது அமெரிக்காவுல குடியிருக்கு. புருஷன், புள்ள எல்லாம் அங்கதான்."

வீரையன் எழுதிக்கொண்டே தலையை நிமிர்த்தி, கைநிறைய நெல்லோடு பக்கத்தில் நின்றவளைக் காட்டினார். "அப்ப இவங்க?"

"அதேதான். ஊருக்கு வந்துருக்கு," என்றான் துரைராசு. பிறகு தங்கையைப் பார்த்துச் சொன்னான்: "இன்னும் கொஞ்ச நாள்ல கிளம்பிடும். வந்தா மாடியிலதான் தங்கும்."