கிடார் இல்லாத பாட்டு

"டேப்ப எடும்மா, இந்திராணி. நேரம் ஆவுது" என்று கந்தன் மூன்றாவது முறையாகக் குரல் கொடுத்தபோது, இந்திராணி உள்ளறையில் அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள். டேப் இருந்த அட்டைப்பெட்டி விரலில் தட்டுப்பட்டது. விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் உடம்பைக் கொண்டுவந்து இறக்கிய களேபரத்தில், யாரும் பார்க்காதபோது அவள்தான் அதை அங்கே புதைத்து வைத்தாள்.

"தேடிக்கினு இருக்கேன் மாமா."

"நல்லா தேடும்மா. அண்ணன் வாயால கேட்டது."

அதுதான் வினை. நாலு நாளைக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே அப்பா வீரபத்திரன் கந்தனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனா மோளம் கீளம் வேணாம்டா. நம்ம டேப்பப் போடு. எல்லாரும் பாட, நான் கேட்டுக்கினே போறேன்" என்று சொல்லியிருந்தார். சாகிறவர் கேட்டதை யார் மறுக்க முடியும்? வாசல் பந்தலில் பெஞ்சு போட்டு, அப்பாவின் தலைமாட்டில் மிஷினை வைத்து, கூடத்துச் சுவரிலிருந்து ஒயர் இழுத்தாயிற்று. டேப் நாடாதான் பாக்கி.

அப்பா செத்துப்போனதற்கு இந்திராணி இன்னும் ஒழுங்காக அழக்கூட இல்லை. பயம் அழுகைக்கு இடம் விடவில்லை.

வீரபத்திரன் பகலெல்லாம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் வேலை பார்த்தவர். பொழுது சாய்ந்தால் கிடார்காரர். அரக்கோணம் ரயில்வே காலனியில் ஒரு சட்டைக்கார ஆங்கிலோ இந்தியரிடம் கற்றுக்கொண்டது. பிள்ளையார் சதுர்த்திக் கச்சேரியில் முதன்முதலாகக் கரண்டு கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ராக் அண்ட் ரோல் அடித்தபோது பெரிய காஞ்சிபுரமே சிரித்ததாம். அடுத்த வருஷம் அதே ஜனம் ஆடியதாம். கருடசேவைக்கு வந்த கூட்டம் பெருமாளை விட்டுவிட்டு மேடைப் பக்கம் திரும்பியது என்றும் சொல்வார். அதில் பாதியை நம்பலாம்.

பாடகர்கள்தான் அவரிடம் தங்கவில்லை. வாய் அப்படி. மைக்கை யார் முன்னால் வைப்பது என்ற சண்டையில் கந்தன் போனான். மேடையிலேயே "சுதி எங்கடா போச்சு?" என்று கேட்டதில் தாவீது போனார். கங்கையம்மாள் போனது அவர் வாயால் அல்ல. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணக் கச்சேரி. இருவரையும் சேர்த்து ஊரார் பேசிய பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு வந்த இந்திராணியின் அம்மா பட்டம்மாள், பாதிப் பாட்டில் மேடை ஏறி, "எறங்குடி கீழ" என்றாள். கங்கையம்மாள் இறங்கினாள். அதோடு சரி.

போன தை மாசம் மூச்சு இரைக்க ஆரம்பித்ததும் வீரபத்திரனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. தன்னோடு பாடிவிட்டுக் கோபித்துக்கொண்டு போன அத்தனை பேரையும் ஒரே இசைத்தட்டில் பாடவைக்க வேண்டும். லாங் பிளே. பாட்டெல்லாம் அவரே போட்டது. மெட்ராசில் ஒரு கம்பெனிக்காரர் நாடாவைக் கொண்டுவந்தால் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். மூர் மார்க்கெட்டில் பிடித்த பழைய டேப் மிஷினைக் கூடத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் வீட்டுக்கும் சைக்கிளில் போய்க் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்தார்கள். மிஷினை ஓட்டியது இந்திராணி. பாட்டைப் பதிக்கச் சிவப்புக் கட்டையையும் பக்கத்துக் கட்டையையும் சேர்த்து அமுக்க அவளுக்குத்தான் விரல் வாகு என்பார்.

கங்கையம்மாள் பேச்சு வந்தபோது பட்டம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "நான் வூட்ல இல்லாதப்ப வரட்டும், நான் வர்றதுக்குள்ள போவட்டும்" என்றாள். சித்திரையில் அவள் சின்ன காஞ்சிபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போன ஒரு பகலில் கங்கையம்மாள் வந்தாள். இரண்டு பெண்களும் எதிரெதிரே முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள இந்திராணி தெருமுனையைப் பார்த்தபடி வாசலில் நின்றாள். அதனால் அன்றைக்கு மட்டும் அப்பாவே மிஷினை ஓட்டினார். நாடாவைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் பதித்தார். அது வாசலில் நின்றவளுக்குத் தெரியாது.

இந்திராணிக்கும் பாட வரும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "என் பொண்ணு மேடை ஏற வேணாம், இதுல ஒண்ணும் இல்ல" என்று வீரபத்திரன் பத்துப் பேர் முன்னால் சொன்னதற்குப் பிறகு சொல்லவும் தோன்றவில்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், சோறு கொண்டுபோன அம்மா திரும்புவதற்குள், மறுபக்கம் காலி என்று நினைத்து நாடாவைத் திருப்பிப் போட்டாள். கங்கையம்மாளின் பாட்டை வாசலில் கேட்டு மனப்பாடமாகியிருந்தது. அதையே பாடிப் பதித்தாள். பாடி முடித்துவிட்டு, கங்கையம்மாள் பாடியதையும் தன்னதையும் ஒத்துப் பார்க்கலாம் என்று முன்பக்கம் முழுக்க ஓட்டித் தேடினாள். கந்தன் பாட்டு இருந்தது, தாவீது பாட்டு இருந்தது. கங்கையம்மாள் பாட்டு இல்லை. அப்போதுதான் புரிந்தது: மறுபக்கத்தில் இருந்த கங்கையம்மாளின் பாட்டை அழித்து, அதன் மேலேயே தான் பாடியிருக்கிறாள்.

"அந்த டேப்பக் கொண்டாயேம்மா, ஒரு தபா கேட்டுக்கறேன்" என்றார் அப்பா ஆஸ்பத்திரியில்.

"மிஷின்ல பெல்ட்டு அந்துபோச்சுப்பா."

அவர் நம்பினார். ரிப்பேர்காரர் அல்லவா, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் நடுங்கும் கையால் பெல்ட்டின் அளவைப் படம் போட்டு, எந்தக் கடையில் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மூன்று நாளும் "கெடச்சுதா?" என்று கேட்டார். இன்று விடியற்காலை கேட்கவில்லை.

இப்போது அரிசி ஒட்டிய பெட்டியைத் திறந்து, நாடாவின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தாள் இந்திராணி. ஒரு இழுப்பு. கொத்தாக உருவிக் கசக்கிவிட்டால் தீர்ந்தது. எலி கடித்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இதே நாடாவில்தான் அப்பாவின் கிடார் இருக்கிறது. நடுநடுவே "சரி, ஆரம்பி" என்று அவர் சொல்வது இருக்கிறது. அவர் குரல் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை. நுனியை மறுபடி சுருளோடு சேர்த்துச் சுற்றினாள்.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்கே?" பட்டம்மாள் வாசற்படியில் நின்றாள். அழுது வீங்கிய கண். மகளின் கையில் பெட்டியையும், தரையில் சிந்திக் கிடந்த அரிசியையும் பார்த்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டு போய்க் கந்தனிடம் கொடுத்தாள்.

தெருவில் காலையில் நெசவுக்காக நீட்டியிருந்த பாவு நூலை எல்லாரும் சுருட்டி எடுத்திருந்தார்கள். எந்த வீட்டிலும் தறி ஓடவில்லை. பந்தல் நிறைய ஜனம். பெண்கள் கூட்டத்துக்கு வெளியே, எதிர்வீட்டுச் சுவரோரமாக, வெறும் மண்ணில் கங்கையம்மாள் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். பந்தலுக்குள் வர அவளுக்குத் துணிச்சல் இல்லை. வா என்று கூப்பிட யாருக்கும் துணிச்சல் இல்லை.

முன்பக்கம் ஓடியது. கந்தனின் பாட்டுக்குக் கந்தனே வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதான். தாவீது பாட்டுக்கு நடுவில் கிடார் துள்ளியெழுந்தபோது, மாலையும் கழுத்துமாகப் படுத்திருந்தவரின் விரல் அசைகிறதா என்று சின்னப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. ஆவுடையார் தெருவிலிருந்து முறைக்காக வந்திருந்த மேளக்காரர்கள் பறையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். இந்திராணி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சுருள் தீர்ந்துகொண்டே வந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தாள். ஓடுவதற்கு வழி எங்கே, அப்பாவைத் தாண்டித்தான் ஓட வேண்டும்.

"கங்கம்மா பாட்டு மறுபக்கம்னு அண்ணன் சொன்னாரு" என்று கந்தன் நாடாவைத் திருப்பி மாட்டினான். "'மழைக்கு முன்ன வந்தவரே'ன்னு ஆரம்பிக்குமே. அவருக்கு உசுரான பாட்டு."

பட்டம்மாளின் முதுகு விறைத்தது. எல்லார் தலையும் எதிர்ச்சுவர்ப் பக்கம் திரும்பியது. கங்கையம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு நாடாவுக்குள் எங்கோ பக்கத்தில் தறி ஓடும் சத்தம். அதன் மேல் ஒரு குரல் எழுந்தது. துணைக்கு ஒன்றும் இல்லாமல், பயந்து பயந்து ஆரம்பித்து, இரண்டாவது அடியில் பயம் விட்டு, சரணத்தில் தாராளமாகவே ஏறியது. இந்திராணி தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். அது நன்றாக இருந்தது. அந்தப் பயத்திலும் அவளுக்கு அது தெரிந்தது, தெரிந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

கங்கையம்மாள் மெல்லத் தலையைத் தூக்கினாள். மிஷினைப் பார்த்தாள். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிவந்த அவள் கண், பட்டம்மாளின் தோளுக்கு மேல் தெரிந்த இந்திராணியின் முகத்தில் வந்து நின்றது. இந்திராணி கையெடுத்துக் கும்பிடக்கூட இல்லை. பார்த்தபடியே இருந்தாள்.

"கிடாரே காணோமே?" என்றார் தாவீது. "அண்ணன் வாசிக்கலியா? இது யாரு பாடறது?"

பாட்டு போய்க்கொண்டே இருந்தது. பட்டம்மாள் திரும்பி மகளைப் பார்த்தாள். பெற்றவளுக்குத் தெரியாத குரலா.

"நான்தான்" என்றாள் கங்கையம்மாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே, உரக்கச் சொன்னாள். "நான்தான் பாடனேன். வாசிக்கறேன்னு கிடார எடுத்தாரு. அப்பறம் கீழ வச்சுட்டாரு. நீ பாடு கங்கம்மா, நான் சும்மா ஒக்காந்து கேக்கறேன்னாரு."

"அடேங்கப்பா" என்று கந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கொரல் இருவது வயசுல இருந்த மாதிரியே இருக்குதேம்மா."

"அன்னிக்கு அப்பிடி வந்துச்சு."

தப்பித்துவிட்டோம் என்று இந்திராணி நினைத்த அதே நொடியில் இன்னொன்று ஞாபகம் வந்தது. பாடி முடித்ததும் அன்றைக்கு அவள் மிஷினை உடனே நிறுத்தவில்லை. மைக்குப் பக்கத்தில் குனிந்து, "அப்பா, நல்லா இருந்திச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் நிறுத்தினாள். அதுவும் பதிந்திருக்கிறது. இன்னும் ஒரு சரணம்தான் பாக்கி. எழுந்திருக்கப் பார்த்தாள், நெருங்கி உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவில் வழியில்லை. கந்தன் மிஷினுக்குப் பக்கத்தில், எட்டாத தூரத்தில் இருந்தான்.

கடைசி அடி. தறிச் சத்தம் மட்டும் மிச்சம்.

பட்டம்மாள் எழுந்தாள். அந்த மிஷினை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை, எந்தக் கட்டை எதற்கென்று தெரியாது. விறுவிறுவென்று கூடத்துக்குள் போனாள். சுவரில் மாட்டியிருந்த ஒயரை ஒரே இழுப்பில் பிடுங்கினாள். சுருள் சோம்பலாகச் சுற்றி நின்றது.

"போதும்" என்றாள் வெளியே வந்து. "வெயில் ஏறுது. எடுங்க."

அந்தக் கேள்வி நாடாவுக்குள்ளேயே நின்றுபோனது. இந்திராணிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. எதற்குப் பயந்தாளோ அது நடக்கவில்லை. நடந்திருக்கலாமே என்று கத்த வேண்டும் போலிருந்தது. பந்தலில் அப்பா இருக்கும்போதே அந்தக் கேள்வி அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

தூக்குகிற நேரத்தில் கந்தன் எதிர்ச்சுவர்ப் பக்கம் போனான். "கங்கம்மா, அதே பாட்ட ரெண்டு அடி பாடும்மா. தெருமுன வரைக்கும்."

"வேணாம்பா."

"அந்தக் கொரல வச்சுக்கினு வேணாங்கறியே."

"இனிமே நான் பாடறதில்ல" என்றாள் கங்கையம்மாள். "அதான் கடேசி. அவரோட போவட்டும்."

"ஆடில கூழு ஊத்தற கச்சேரி ஒத்துக்கினு இருக்கியே. மூணு ஊரு."

"வேற ஆளப் பாத்துக்க."

கந்தன் இன்னும் ஏதோ கேட்க வந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாடைப் பக்கம் போனான். கச்சேரிதான் அவளுக்குச் சோறு என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் ஒரு தரம் எல்லார் முன்னாலும் வாயைத் திறந்தால், நாற்பது வயசுத் தொண்டை எது, நாடாவில் இருந்த தொண்டை எது என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

பாட்டு இல்லாததால் பறைதான் எழுந்தது. ஆண்கள் போனார்கள். தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட்டுக் குழாயடிக்குத் தலைமுழுகத் திரும்பினார்கள். பட்டம்மாளை நடுவில் உட்காரவைத்து நாலைந்து பேர் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றி முடிந்ததும் அவள், கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற கங்கையம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். தன் பக்கத்தில் இருந்த குடத்தைக் காலால் அவள் பக்கம் நகர்த்தினாள்.

"பொண்ணுக்கு ஊத்து" என்றாள். ஒன்பது வருஷத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

கங்கையம்மாள் குடத்தை எடுத்தாள். இந்திராணி ஈரக் கல்லில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முதல் குடம் தலையில் விழுந்தது. முடியை வழித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"அத்தே" என்றாள். "அந்தப் பாட்டு..."

"வாய மூடிக்கம்மா" என்றாள் கங்கையம்மாள், அடுத்த குடத்தைத் தூக்கியபடி. "தண்ணி உள்ள போயிடும்."

இந்திராணி வாயை மூடிக்கொண்டாள். தண்ணீர் இறங்கியது.