ஒரு சைஸ் பெருசு

நானு நீலா. நெட்டுக்குப்பம். காலடிப்பேட்டை மார்க்கெட்டுல மீன் விக்கிறேன். என் பொண்ணு அம்முக்கு பதினாலு வயசு. பலகை மேல நின்னுகினு அலையில சறுக்குறா. சர்ஃபிங்காம். ஞாயித்துக்கெழம டீமுக்கு ஆளு எடுக்குற செலெக்‌ஷன். எனக்கு சோறு எறங்கல. இன்னாத்துக்குன்ற? எட்டு வயசுலேந்து புள்ளைக்கு சக்கர, தெனம் ஊசி. "காலுல மட்டும் காயம் படாம பாத்துக்கம்மா, பட்டா லேசுல ஆறாது"ன்னு டாக்டரம்மா தபா தபா சொல்லிகினு கீது. எங்க கரையில கொட்டிவெச்ச கல்லு பூரா சிப்பி ஒட்டி பிளேடு கணக்கா கீது.

அதான் ராயபுரத்துல சாலமோன் கடைக்கு இட்டுனு போனேன். அந்தாளு தூத்துக்குடிகாரரு, கடல்ல எறங்குறவங்களுக்கு வேண்டிய சாமான் விக்கிறாரு. ரப்பர் ஷூ ஒண்ணு எடுத்து அம்முக்கு மாட்டிவுட்டாரு. அடி தடியா, கால கவ்விகினு சோக்கா இருந்துச்சு.

"இதாங்க்கா சரியான அளவு"ன்னாரு.

"இதுக்கு மேல ஒரு சைஸ் குடு நைனா. வளர்ற புள்ள."

"யக்கா, இது பள்ளிக்கூட ஷூ இல்ல. லூசா இருந்தா தண்ணி ரொம்பி உருவிட்டுப் போயிரும்."

"யம்மா, அவரு சொல்றத கேளும்மா"ன்னா அம்மு.

"கம்முனு கெட. மூணு மாசத்துல வெரலு முட்டுதுன்னு நிப்ப!"

எங்க குப்பத்துல யாரு வூட்டுல புள்ளைக்கு அளவா ஷூ வாங்குறாங்க? பெருசா வாங்கி, முன்னாடி துணி திணிச்சி மாட்டிவுடறதுதான். என் பழைய நீலப் பொடவைய கிழிச்சி நானே திணிச்சேன்.

சனிக்கெழம காத்தால பிராக்டீஸ். கரையில குந்திகினு பாத்தேன். ரெண்டு அலையில நல்லா வந்தா. மூணாவதுல காலு பெரண்டு கவுந்துட்டா. பலகைய அலை தூக்கிப் போட்டுச்சு, புள்ள தலையே தெரியல.

"அம்மு! அடியேய் அம்மு!"

அந்த நேரம் பாத்து ஒத்த ஷூ ஒண்ணு அலையில அடிச்சிகினு வந்து என் காலாண்ட நின்னுச்சு. உள்ள நீலத் துணி. "ஐயோ, நானே என் புள்ளைய கொன்னுட்டேனே"ன்னு தலையில அடிச்சிகினு தண்ணியில ஓடினேன்.

அப்பால பாத்தா, கல்லு மேல தவழ்ந்து ஏறி வரா. ஒரு காலுல ஷூ கீது, இன்னொண்ணு வெறும் காலு. உள்ளங்கால் குறுக்க சிப்பி கிழிச்சி ரத்தம் ஊத்துது.

"சின்ன காயம்தாம்மா. திட்டாதம்மா."

திட்டாதயாம்! திட்றதுக்கு எனக்கு வாயி ஏது?

ஆட்டோவுல அவ கால மடியில வெச்சி முந்தானையால அழுத்திப் புடிச்சிகினேன். ரத்தம் நிக்கல. நாளைக்கு செலெக்‌ஷனாச்சேன்னு அவ அழுவுறா. இந்தக் காயம் ஆறணுமேன்னு நான் அழுவுறேன். அடுத்த வருசத்து காலுக்கு ஷூ வாங்கினவ நானு. இந்த வருசத்து காலு என் மடியில நடுங்கிகினு கீது.