குட்டிங்க திரும்புற பாட்டு

தம்பிக்குத் தன் பாட்டுச் சேமிப்பின் மேல் அப்படியொரு பெருமை. ஊரெல்லாம் திரையைத் தொட்டுப் பாட்டுக் கேட்கும். நம்ம ஐயா மட்டும் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவார், பாட்டுகள் வரிசைகட்டி வந்து நிற்க வேண்டும். மாடியில் நடன வகுப்பு நடத்தும் அக்காவின் பாட்டுகளும் அதற்குள்தான் இருந்தன. போன வாரம் அவள் வைத்திருந்த பெயர்களில் முதல் இரண்டைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டான். ‘குட்டிங்க திரும்புற பாட்டு’, ‘பெரிய பசங்க வழுக்கி விழுற பாட்டு’. இதெல்லாம் ஒரு பெயரா? மீதியைப் படிக்காமலே அத்தனைக்கும் பாட்டின் முதல் வரியையே முறையான பெயராக வைத்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா என்றால், அதுதான் இல்லை.

இன்று சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் மேடை. மத்தியானம் பார்த்து அக்காவின் போன் வாளித் தண்ணீரில் முழுகித் தொலைத்தது. சொட்டச் சொட்ட அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். அதிலிருந்த பழகிய பாட்டு இல்லையென்றால் பிள்ளைகள் மேடையிலேயே திகைத்து அழுதுவிடுவார்கள் என்றாள்.

“இவ்ளோதானேக்கா,” என்று ‘குட்டி’ என்று தட்டினான். ஒன்றும் வரவில்லை. பெயரை மாற்றியது ஞாபகம் வர, அசடு வழியத் தான் வைத்த பெயரைத் தட்டினான். ஒரே பெயரில் பத்துப் பாட்டு வந்தது. ஒரே பாட்டை ஒவ்வொரு வகுப்புக்கும் அக்கா தனித்தனியாக வெட்டி ஒட்டியிருந்தாள். பெற்ற பத்துக்கும் ஒரே பெயர் வைத்த அப்பனை இன்றுதான் பார்க்கிறேன் என்றாள். தேதிவாரியாக அடுக்கினான், பெயர் மாற்றிய தேதியையே பத்தும் காட்டின. ஒவ்வொன்றாகப் போட்டான். அவள் காலால் தாளம் தட்டிப் பார்த்து, இது இல்லை, இதுவும் இல்லை என்றாள். வாசலில் வேன்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்.

நடுவில் நின்றுபோகிற பாட்டு எதையாவது பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்திருந்தான். கெட்டுப்போனது என்று தேடல் எட்டாத ஒரு மூலையில் தூக்கிப் போட்டிருந்தான். எடுத்துப் போட்டான். பாதியில் இசை அறுந்தது. அந்த அமைதியில் அக்கா இரண்டு கையையும் விரித்து ஆற அமர ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பாட்டு மறுபடி தொடங்கியது.

“கெட்டுப்போகலடா. குட்டிங்க மெதுவாத்தானே திரும்புவாங்க? அதான் பாட்டு அவங்களுக்காக நிக்குது.”

தம்பி அதை அப்படியே பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். அவள் வேனுக்கு ஓடினாள்.

நல்லவேளை, பழைய பெயர்களின் நகல் இருந்தது. எல்லாவற்றையும் அவள் வைத்தபடியே திருப்பி வைத்தான். ‘குட்டி’ என்று தட்டினான். சமர்த்தாக ஒரே ஒரு வரி வந்தது. கை சும்மா இருக்குமா? ‘தம்பி’ என்றும் தட்டிப் பார்த்தான்.

‘தம்பி தொணதொணப்பு கேக்காம இருக்க சத்தமா வைக்கிற பாட்டு.’

இதை மட்டுமாவது மாற்றிவிடலாமா என்று விரல் துறுதுறுத்தது. மாற்றவில்லை.