யுவராணியின் ரிட்டன் டிக்கெட்

டில்லிபாபு சேர்ப்பது ரயில் டிக்கெட். பயணம் முடிந்து குப்பைக்குப் போக வேண்டிய டிக்கெட். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற மனுஷனுக்கு இதெல்லாம் தேவையா என்று உறவில் சிரிக்காத ஆள் கிடையாது. சிரித்தவர்களை அவர் மனைவி ரேணுகா சும்மா விட்டதில்லை. "குடிக்கிறாரா, சீட்டாடுறாரா? டிக்கெட்டுதானே சேக்கிறாரு, உனுக்கு இன்னா நோவுது?" என்று ஒரே போடாகப் போடுவாள்.

பட்டாபிராமில் அந்த வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. யார் வெளியே போய் வந்தாலும் முதல் வேலையாக டிக்கெட்டை ஃபிரிட்ஜ் மேலிருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். டில்லிபாபு அதை ஆல்பத்தில் ஒட்டி, வந்தவர் பெயரையும் வீடு வந்து சேர்ந்த நேரத்தையும் கீழே பென்சிலால் எழுதுவார். மகள் யுவராணி தினமும் சென்ட்ரலுக்கு வேலைக்குப் போகிறவள். சீசன் டிக்கெட் எடுத்தால் லாபம்தான். "அப்புறம் நைனாவுக்கு மாசத்துக்கு ஒண்ணுதானே கெடைக்கும்" என்று தினமும் ஸ்டேஷன் மெஷினில் ரிட்டன் டிக்கெட் எடுத்தாள் அந்தப் பைத்தியம்.

போன ஆடியில் ஒருநாள், வேலை செய்த இடத்தில் மயங்கி விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். இருபத்து மூன்று வயது. அன்றிலிருந்து டில்லிபாபு ஆல்பத்தைத் தொடவில்லை.

மகளின் போன் கவருக்குள் இருந்த கடைசி டிக்கெட்டை ரேணுகாதான் எடுத்து ஒளித்து வைத்திருந்தாள். பதினோரு மாதத்தில் அதன் எழுத்து மங்கிக்கொண்டே வந்தது. வருஷ திதிக்குள் அதைப் பத்திரப்படுத்தி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும், அப்போதாவது மனுஷன் ஆல்பத்தைத் திறப்பார் என்று நினைத்தாள். ஸ்டேஷன் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போடக் கொடுத்தாள். சூடான மெஷினுக்குள் போன டிக்கெட் மறுபக்கம் கன்னங்கரேலென்று வந்தது. அந்தக் காகிதம் சூடு பட்டால் கறுத்துப்போகும். டில்லிபாபுவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் அதை நீட்டினாள்.

"இன்னா இது?"

"யுவா டிக்கெட்டு. கடைசி நாளு எடுத்தது. பாழாப்போன நானே கருக்கிட்டேங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவர் திட்டவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. பரணிலிருந்து ஆல்பத்தை இறக்கி, தூசி தட்டி, அதை ஒட்டினார். கீழே பட்டாபிராம், சென்ட்ரல், பட்டாபிராம், யுவராணி என்று எழுதினார். பென்சில் அதோடு நின்றது.

"எத்தினி மணிக்கு ஊட்டுக்கு வந்தா?"

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை மறுநாள்தான் ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள்.

"மறுநா மத்தியானம் ரெண்டே காலுக்குங்க."

அதையும் எழுதினார். பிறகு டிக்கெட்டை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே சொன்னார்:

"ரிட்டன் டிக்கெட்டு மறுநா நடுராத்திரி வரைக்கும் செல்லும், ரேணு. நம்ம புள்ள டைமுக்குத்தான் வந்துகீறா."