தையல்காரன் ஓட்டிய லாரி

"லாரி ஓட்டத் தெரிஞ்சவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் கூப்பிட்டார்கள். மச்சான் அந்தப் பக்கம் நகர்ந்தார். ஒட்டிக்கொண்டே தையல்காரனும் நகர்ந்தான். அவனுக்கு ஓட்டத் தெரிந்த ஒரே வண்டி தையல் மிஷின்தான்.

மச்சான் பதினோரு வருஷம் பஸ் ஓட்டியவர். அவருடைய தங்கச்சிதான் தையல்காரனின் மனைவி. புறப்படும்போது அவள் அழவில்லை. அண்ணனையும் புருஷனையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து, "ஒண்ணா போறீங்க, ஒண்ணா வரணும். ஒருத்தர் மட்டும் வந்து வாசல்ல நின்னா நான் கதவைத் திறக்க மாட்டேன்" என்றாள்.

அதற்காகத்தான் அந்தப் பொய். காலாட்படையில் போட்டால் இவன் ஒரு திக்கு, அவர் ஒரு திக்கு. அங்கே யாரும் ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. சண்டை நடக்கிற அவசரத்தில் கை தூக்கியவனெல்லாம் டிரைவர்.

கப்பலில் இருபத்துமூன்று நாள். அடித்தளத்தில் ஆயிரம் பேர். வரிசையாகத் தொங்கும் கித்தான் படுக்கைகள், எண்ணெய் நாற்றம், வாந்தி நாற்றம். முதல் நான்கு நாள் தையல்காரன் குடலே வாய்க்கு வருவது போலக் கிடந்தான். ஐந்தாம் நாள் மச்சான் அவனை மேல்தளத்துக்கு இழுத்து வந்து, ஒரு உயிர்காப்புப் படகின் மறைவில் உட்கார வைத்தார். மூன்று தகரக் குவளைகளைக் கவிழ்த்து அவன் காலடியில் வைத்தார். இடது கிளட்ச், நடுவில் பிரேக், வலது ஆக்சிலேட்டர். சாப்பாட்டுத் தட்டுதான் ஸ்டியரிங். வாளிக்குள் நிறுத்திய துடைப்பக்கட்டை கியர்.

"கிளட்ச்சை மிதி. ஒண்ணாவது போடு. இப்ப மெதுவா விடு... மாப்ள, காலை ஏன் ஆட்டுற?"

"ஆட்டலையே மச்சான்."

"குனிஞ்சு பாரு."

பார்த்தான். வலது கால் தன்பாட்டுக்குக் குதிகாலும் விரலுமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷம் மிஷின் மிதித்த கால்.

"ஜாக்கெட்டா தைக்கிற? மிதிச்சா மிதிச்ச இடத்துல நிக்கணும்யா. இப்படி ஆட்டினா லாரி தவளை மாதிரி குதிக்கும்."

ஒருநாள் கப்பல் சமையல்காரர் பீடி பிடிக்க அந்தப் பக்கம் வந்துவிட்டார். மச்சான் முந்திக்கொண்டார். "பொழுது போகலண்ணே, சும்மா பஸ் ஓட்டி விளையாடுறோம்" என்று சமாளித்தார். சமையல்காரர் குவளைகளையும் தட்டையும் பார்த்தார். பிறகு தையல்காரனுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அப்படின்னா எங்க தெருமுனையில நிறுத்து. ரெண்டு வருஷமாச்சு வீட்டைப் பாத்து."

மூன்று பேரும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தபடி அப்படியே போய்க்கொண்டிருந்தார்கள்.

இறங்கிய இடத்தில் கண்ணுக்கு எட்டிய வரை மணல்தான். கூடாரத்துக்குள் மணல், சோற்றில் மணல், பல்லிடுக்கில் மணல். குடிக்க, முகம் கழுவ, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு புட்டித் தண்ணீர். அந்தத் தண்ணீரை எடுத்து வரப் போகும்போதெல்லாம் மச்சான் ஸ்டியரிங்கை அவனிடம் கொடுத்தார். கால் சில நாள் சொன்னபடி கேட்டது. சில நாள் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் சார்ஜன்ட் பரீட்சை வைத்தார். பின்னால் பன்னிரண்டு சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு, காலி எண்ணெய்ப் பீப்பாய்களைச் சுற்றி மேட்டில் ஏறி இறங்க வேண்டும். பீப்பாய்களைத் தாண்டிவிட்டான். மேட்டின் உச்சியில் மறுபக்கச் சரிவைப் பார்த்ததும் வலது கால் மிஷின் மிதிக்க ஆரம்பித்துவிட்டது. லாரி குதித்தது, ஒரு பக்கம் சாய்ந்தது, எப்படியோ நின்றது.

பின்னாலிருந்த சிப்பாய்களில் ஒருவன், ஊரில் தபால்காரனாக இருந்தவன், இரும்புச் சட்டத்தில் வாய் மோதி முன்பல் இரண்டை உதிர்த்திருந்தான்.

சார்ஜன்ட் வருவதற்குள் மச்சான் ஓடி வந்துவிட்டார். "மணல் சார். சக்கரம் புதைஞ்சிடுச்சு. நானா இருந்தாலும் இதான் நடந்திருக்கும்." பஸ் டிரைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சார்ஜன்ட் தலையாட்டினார். தையல்காரன் பாஸ்.

சாயங்காலம் மருத்துவக் கூடாரத்துக்குப் போனான். தபால்காரன் வாயில் பஞ்சோடு படுத்திருந்தான்.

"விடுண்ணே, மணலுக்கு நீ என்ன பண்ணுவ. நாளன்னைக்கு முன்வரிசைக்குப் போறப்ப என்னை உன் வண்டியிலதான் போட்டிருக்காங்க. தெரிஞ்ச ஆளு, நல்லதாப் போச்சு."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நேராக மச்சானிடம் வந்தான்.

"உண்மையைச் சொல்லிடப் போறேன் மச்சான்."

"சொன்னா உன்னை எங்கயாவது தூக்கிப் போட்டுருவான். அப்புறம் நம்ம வீட்ல இருக்கறவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"பின்னாடி பன்னிரண்டு பேரு உக்காந்திருக்காங்க. அவங்க வீட்லயும் ஒருத்தி சொல்லித்தானே அனுப்பியிருப்பா."

மச்சான் எழுந்து போய்விட்டார்.

சார்ஜன்ட் முழுவதையும் கேட்டார். அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். பிறகு, "ஊர்ல என்ன வேலை?" என்றார். தையல் என்றதும், கிழிந்த கூடாரங்களும் லாரிப் படுதாக்களும் மலைபோலக் குவிந்து கிடந்த கொட்டகையைக் காட்டினார். "படை முன்னாடி போகும். நீ இங்கயே கெட." அவன் லாரியை வேறு டிரைவரிடம் கொடுத்தார்கள்.

விஷயம் பரவியது. "ஊசிக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டான் பாரு" என்று அவன் காதுபடவே பேசினார்கள். மச்சான் ஒருநாள் முழுக்க முகம் கொடுக்கவில்லை.

புறப்படும் காலையில்தான் கொட்டகைக்குள் வந்தார். தைத்துக்கொண்டிருந்த படுதாவின் ஓரத்தை இழுத்துப் பார்த்தார்.

"நேத்தே அவளுக்குக் கடிதாசி போட்டுட்டேன். ரெண்டு பேரும் ஒரே வண்டியில இருக்கோம், நீ பக்கத்துல உக்காந்து தூங்கி வழியறேன்னு எழுதியிருக்கேன். நீ மாத்தி எழுதித் தொலைச்சிடாத."

"சரி மச்சான்."

"வாராவாரம் எழுது. அங்க எனக்கு நேரம் இருக்காது. என்னைப் பத்தியும் நீயே எழுதிடு."

"என்னன்னு எழுதட்டும்?"

"நல்லா இருக்கேன்னு எழுது. வேற என்னத்த எழுதுவ."

தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். நாற்பது லாரிகள் வரிசையாகக் கிளம்பின. புழுதி எழும்பியதில் எது மச்சானுடையது என்று தெரியவில்லை. தையல்காரன் மிஷினை நிறுத்திவிட்டுத் தாளை எடுத்தான்.

"நாங்க ரெண்டு பேரும் சுகம்" என்று எழுதினான். பிறகு அடுத்த வரியை எழுதினான்.

"உன் அண்ணன் ரொம்ப வேகமா ஓட்டுறார். மெதுவா போங்கன்னு பக்கத்துலயே இருந்து சொல்றேன், கேக்க மாட்டேங்கறார்."