மேப்பில் நான் போட்ட ரோடு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை. எனக்கும் செல்வகுமாருக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின். என் வீடு கோவில்பதாகை. அவன் ஊர் மேல்சாமைப்பட்டு, மலைமேல். குமணன்சாவடியில் பஸ் ஏறினால் ஐந்து மணி நேரம், அப்புறம் இன்னொரு பஸ், அப்புறம் மூன்று மணி நேரம் நடை. அவன் முதல் தடவை சொன்னபோதே போனை எடுத்து மேப்பில் தேடினேன். வெறும் பச்சைதான் வந்தது.

“இன்னாடா, ஊரே காணோம்? டூப்பு உடறியா?”

“ஊரு கீது மாமே. மேப்புலதான் இல்ல.”

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு விஷயம் என் மண்டையில் ஏறிவிட்டால் இறங்காது. பங்குனியில் இரண்டு நாள் லீவு போட்டு, எதிர் ஃபிளாட் அபிஷேக்கையும் அவன் பைக்கையும் இழுத்துக்கொண்டு, செல்வகுமாரோடு கிளம்பிவிட்டேன்.

ஊர்க்காரர்கள் நடக்கும் வழி தெற்குப் பக்கம். கீழ்வலசை பால் சொசைட்டியில் ஆரம்பித்து ஒற்றையடிப் பாதையாக ஏறும். பைக் ஏறாது. செல்வகுமார் அதில் நடந்தான். நாங்கள் மலையைச் சுற்றி வடக்கே போனோம். அங்கே கல்லும் மணலுமாக அகலமாக ஒரு தடம் காய்ந்து கிடந்தது. ஓட்டியும் தள்ளியும் ஏறிவிட்டோம். வழி முழுக்க போனில் பதிவு பண்ணிக்கொண்டே போனேன்.

நாற்பத்தோரு வீடு. ரேஷன் அரிசியைக் கீழிருந்து தலையில் சுமந்து வருகிறார்கள். வாத்தியார் வாரத்தில் இரண்டு நாள் வருவார், மழை வந்தால் அதுவும் இல்லை. சோலார் விளக்கு மேகம் போட்டால் எரியாது. கோயிலுக்குப் பின்னால் ஒரு பாறை, அதில் ஏறி நின்றால்தான் சிக்னல்.

செல்வகுமார் பொண்டாட்டி வடிவு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். அபிஷேக்கின் ஷூவைப் பார்த்துச் சிரித்தாள். பைக்கைத் தள்ளியதில் ஷூவின் அடிப்பாகம் பிளந்திருந்தது.

“அண்ணா, உங்க ஷூவும் வாயைத் தொறந்துகிட்டு நிக்குது. அதுக்கும் ஒரு தட்டு வெக்கவா?”

உடம்பு முடியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டோலி என்றாள். மூங்கிலில் போர்வையைத் தொட்டில் மாதிரி கட்டி, ஆளைப் படுக்க வைத்துத் தூக்கிப் போவார்கள். சத்தம் கொடுத்தால் வீட்டுக்கு ஒரு ஆம்பளை வந்தாக வேண்டும்.

“பேச்சுவார்த்தை இல்லாத வீடா இருந்தாலும் வரணும்ணா. எங்க மாமனாரைத் தூக்குனதே அவர் மேல கேஸ் போட்டவருதான்.”

அம்பத்தூர் திரும்பியதும் உட்கார்ந்து ஊர்ப் பேரை மேப்பில் போட்டேன். நாங்கள் ஏறிய தடத்தை ரோடு என்று வரைந்தேன். இரண்டே நாளில் மேப் கம்பெனியில் ஏற்றுக்கொண்டார்கள். செல்வகுமார் பட்டறை முழுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். “தோ பாரு, எங்க ஊரு!” அவன் பார்த்தது பேரை மட்டும்.

ஐப்பசியில், ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவனுக்குப் போன் வந்தது. பாறையில் ஏறி நின்று அவன் தம்பி கத்தினான். வடிவின் பிரசவ நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அடுத்த வாரம் கீழே சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிவந்து வைப்பதாக ஏற்பாடு. அதற்குள் வலி வந்துவிட்டது. டோலி கட்டியாயிற்று, கிளம்புகிறோம், வண்டிக்குச் சொல்லு. அதோடு லைன் போய்விட்டது.

எப்போதும் ஆம்புலன்ஸுக்குச் சொல்வது செல்வகுமார்தான், அவனுக்குத்தானே சிக்னல் இருக்கிறது. என் நம்பரையும் சேர்த்துக் கொடுத்துப் பேசி முடித்தான். முகத்தில் பயத்தோடு கொஞ்சம் வெளிச்சமும் இருந்தது.

“பேரைச் சொன்னதும் கண்டுபிடிச்சிட்டாங்க மாமே. ஒரு கேள்வி கேக்கல.”

சூப்பர்வைசர் ஜெயராமன், “நிக்காதடா, போ” என்றார். அவனைக் குமணன்சாவடியில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். பட்டறையில் கை ஓடவில்லை. பதினொன்றரைக்கு ஆம்புலன்ஸ் டிரைவர் என்னைக் கூப்பிட்டார்.

“சார், அவர் நம்பர் கிடைக்கல. மேல்சாமைப்பட்டு ரோடு எங்க சார்?”

“மேப்புல காட்டுதே சார், அதே வழிதான்.”

“மேப்பு காட்டுற எடத்துலதான் நிக்கறேன். இங்க ஓடை போவுது சார். இடுப்பளவு தண்ணி.”

கல், மணல், அகலம். பங்குனியில் காய்ந்து கிடந்த ஓடையைத்தான் நான் ரோடு என்று வரைந்திருந்தேன்.

“சார், தெற்கால வாங்க சார். கீழ்வலசை, பால் சொசைட்டி. அங்கதான் தூக்கினு வராங்க.”

“அத மொதல்லயே சொல்லக் கூடாதா? மலையச் சுத்தணும். மழையில ரெண்டு மணி நேரம் ஆவும்.”

டோலி பன்னிரண்டுக்கே இறங்கிவிட்டது. சொசைட்டி பூட்டிக் கிடந்தது. தாழ்வாரத்தில் வடிவைப் படுக்க வைத்து, சுற்றி நின்று போர்வையைப் பிடித்திருக்கிறார்கள். ஒரு மணிக்குப் பையன் பிறந்தான். அழவில்லை. வண்டி வரும்போது ஒன்றரை தாண்டிவிட்டது. ரத்தம் நிறையப் போயிருந்த வடிவை மட்டும் ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள்.

செல்வகுமார் பதினாறு நாள் கழித்து வேலைக்கு வந்தான். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எப்பவும் பால் சொசைட்டின்னுதான் சொல்வேன் ஸ்ரீ,” என்றான். “எங்கப்பாவுக்கும் அப்டித்தான் சொன்னேன். நேரா அங்க வந்து நிப்பாங்க. அன்னிக்குத்தான் ஊர் பேரைச் சொன்னேன். சொல்லணும்னு ஆசையா இருந்துச்சு. நான்தான் கெடுத்தேன்.”

அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவனுக்குத் தெரியவே போவதில்லை.

“நீ இல்லடா. வண்டி வடக்கால போனது என்னாலதான். அந்தக் கோட்டை நான்தான் போட்டேன். ரோடுன்னு போட்டேன்.”

“இன்னா கோடு?”

போனில் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, மெதுவாக, அடிவாரத்திலிருந்து ஊர் வரை நகர்த்திப் பார்த்தான்.

“இது ஓடைடா.”

“காஞ்சி கெடந்துச்சு. பைக்கு ஏறிச்சு.”

“பைக்கு ஏறும். ஆடு கூடத்தான் ஏறும். எங்க ஊர்ல யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டியா? சோறு போட்டாளே, அவளைக் கேட்டியா?”

அவன் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. போனைத் திருப்பி என் கையில் வைத்தான்.

“அன்னியிலேர்ந்து பதினாறு நாளு. இன்னும் கீது. நீ அழிக்கல?”

“அன்னிக்கே எழுதிப் போட்டேன். பரிசீலனைன்னு வருது. மூணு தபா போட்டுட்டேன்.”

“போடறப்ப எத்தினி நாளு ஆச்சு?”

“ரெண்டு.”

அவன் எழுந்து கை கழுவினான். சாப்பிடவே இல்லை, ஆனாலும் கழுவினான். குழாயை மூடாமல் நின்றான்.

“ஊர்ல இன்னும் ரெண்டு பேரு மாசமா கீறாங்க ஸ்ரீ,” என்றான். “மழையும் இன்னும் உடல.”

சனிக்கிழமை நான் தனியாகப் போனேன். அபிஷேக் வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். பட்டறையில் கிடந்த தகரத்தில், ‘இது ஓடை. மேல்சாமைப்பட்டுக்கு வழி இல்லை. கீழ்வலசை பால் சொசைட்டிக்குப் போகவும்’ என்று எழுதி, ஓடை தார் ரோட்டைத் தொடும் இடத்தில் இரண்டு கம்பி அடித்துக் கட்டினேன். கட்டிக்கொண்டிருக்கும்போதே மூன்று பைக் வந்து நின்றன.

“புரோ, மேப்புல காட்டுற ரோடு இதானே?”

“ரோடு இல்ல. ஓடை.”

“ரோடுன்னுதானே போட்டுக்கீது?” என்று போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான் ஒருத்தன்.